உலர்ந்த ஜெர்சி

சான் ஹோசே
பிப்ரவரி 27

ஃபைஸ்,

ஆம்ப்ரோஸின் முழங்கால் கெட்டுப்போயிருக்கிறது. அது உனக்குத் தெரியும். தெரிந்தே மறைத்து எனக்கு வீடியோ அனுப்பியிருக்கிறாய்.

சலாம், நலம் எல்லாம் கடைசியில். முதலில் இதைப் படி.

எங்கள் நிலைமை உனக்குத் தெரிந்ததுதான். முதல் சென்டருக்குப் பாதத்தில் எலும்பு முறிவு. இந்த சீசனுக்கு அவன் இல்லை. அவனுக்குப் பதிலாக இறங்குகிறவன் ஏறிய வேகத்தில் நான்கு ஃபவுல் வாங்கிக்கொண்டு பெஞ்சுக்கு வந்துவிடுகிறான். பிளேஆஃப் போவோமா வீட்டுக்குப் போவோமா என்று அணி தொங்கிக்கொண்டிருக்கிறது. சீசன் முடியப் போகிற நேரத்தில் ஒரு மாற்று பிக் மேன் வேண்டும். மார்ச் மாதத்தில் சும்மா கிடைக்கிற ஏழடிக் கூடைப்பந்து ஆட்டக்காரன் எப்படி இருப்பான்? நான்கு அணிகள் கழித்துப் போட்டவனாக இருப்பான். நம் இருவர் தலைக்கும் மேலே துணை மேலாளராக உட்கார்ந்திருக்கும் ஷ்ரேயா பலகையில் மூன்று பெயர் எழுதியிருக்கிறாள். ஒருவன் சீனாவில் ஆடிவிட்டு வந்தவன். ஓடச் சொன்னால் நடக்கிறான். இன்னொருவன் இருபத்தொரு வயது. நன்றாகக் குதிக்கிறான், எப்போது குதிக்க வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை. மூன்றாவது, டெக்சஸில் எங்கள் கீழ் அணியில் ஆடும் உங்கள் ஆம்ப்ரோஸ். மூவரில் யாரை எடுப்பது என்று அறிக்கை எழுத வேண்டியவள் நான். அவனுடைய வீடியோவை வெட்டி அனுப்ப வேண்டியவன் நீ.

நீ அனுப்பியது அழகாக இருந்தது. எதிராளியை மறித்து ஸ்கிரீன் போட்டால் சுவர் மாதிரி நிற்கிறான். வளையத்தில் பட்டுத் திரும்பும் ரீபவுண்டுக்குக் கை நீட்டுவதற்கு முன்பே இடுப்பால் இடம் பிடித்துவிடுகிறான். எனக்கும் சந்தோஷம்தான். மறுபடி போட்டுப் பார்த்தபோதுதான் அவன் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சட்டையைப் பார்த்தேன். உங்கள் அணி சாம்பல் நிற ஜெர்சி போடுகிறது. சாம்பல் துணியில் ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலும் கறுப்பாகத் தெரியும். தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றாலே வியர்க்கிற உடம்பு அவனுக்கு. ஆனால் நீ அனுப்பிய ஒரு காட்சியில்கூட அவன் ஜெர்சி நனைந்திருக்கவில்லை.

அதாவது எல்லாமே ஆட்டம் தொடங்கிய முதல் சில நிமிடங்கள். ஸ்கோர்போர்டு தெரியாதபடி கவனமாக வெட்டியிருக்கிறாய். ஸ்கோர்போர்டை வெட்டத் தெரிந்த உனக்கு வியர்வையை வெட்டத் தெரியவில்லை.

பிறகு முழு ஆட்டங்களையும் தேடிப் போட்டேன். ஒரு மாதமாக அவன் இரண்டாம் பாதியில் ஆடவே இல்லை. பெஞ்சில் கால் மேல் பெரிய துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆட்டக் குறிப்பில் "இளைஞர்களுக்கு வாய்ப்பு தருவதற்காக" என்று இருக்கிறது. அந்தக் குறிப்பை எழுதுவதும் நீதானே?

போனில் கேட்டிருப்பேன். ஆபீஸ் கொடுத்த போன் அது. மெயிலை வக்கீல்கள் பார்க்கிறார்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாமென்றால் ஷ்ரேயாவுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்கத்தான் தெரியாது. அதனால் பேனா. அத்தாவும் அம்மாவும் சவூதிக்கும் பெரியகுளத்துக்கும் நடுவில் கடிதத்திலேயே சண்டை போட்டுக் குடும்பம் நடத்தியவர்கள். நமக்கு இது வராமல் போகாது.

சஹருக்கு ஒழுங்காக எழுந்து சாப்பிடு. நியூ ஜெர்சி எடிசனிலிருந்து நூர் முகம்மது மாமா உனக்குப் பேரீச்சை அனுப்பினாராம், வந்ததா? நோன்பு வைத்துக்கொண்டு பொய் எழுதாதே. பதில் போடு.

அக்கா,
ஹஃப்சா


இர்விங், டெக்சஸ்
மார்ச் 4

மதிப்புக்குரிய ஆடிட்டர் அக்காவுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். உட்கார்ந்து படிக்கிற மாதிரியா எழுதியிருந்தாய்? சின்ன வயதில் நான் கூடைப்பந்து கோர்ட்டில் விழுந்து அழுதால்கூட முதலில் சிராய்ப்பு எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் நீ நம்புவாய். அமெரிக்கா வந்தும் மாறவில்லை.

சட்டை நனையவில்லை என்று ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்குகிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். விஷயம் இவ்வளவுதான். ஷ்ரேயா என்னைக் கூப்பிட்டுப் பேசினாள். "ஃபைஸ், பேக்கப்பா வர்றவன் பன்னெண்டு நிமிஷம் ஆடினாப் போதும். ஃப்ரெஷ்ஷா இருக்கறப்ப எப்படி ஆடறான்னு காட்டுங்க. டயர்டா இருக்கறதைக் காட்டி எங்க டைமை வேஸ்ட் பண்ணாதீங்க" என்றாள். அவள் கேட்டதை வெட்டினேன். முதலாளி கேட்பதைக் கொடுப்பதுதானே என் வேலை? உன் வேலையும் அதுதான். நீ மட்டும் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாய்.

இரண்டாம் பாதியில் உட்கார வைப்பது கோச்சின் முடிவு. இங்கே ஆட்டம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் இலவச டிக்கெட்காரர்கள். எல்லாரும் அந்தச் சின்ன வயதுக்காரர்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

பேரீச்சை வந்தது. பாதியை ஆம்ப்ரோஸ் தின்றுவிட்டான். நம்பமாட்டாய், நான் நோன்பு திறக்கும் நேரத்தில் அவனும் வந்து பார்க்கிங்கில் என் கார் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறான். ஐஸ் பையை வைத்துக் கட்டிக்கொண்டு, போனைப் பார்த்து, "இன்னும் நாலு நிமிஷம்" என்று எனக்காக எண்ணுகிறான். நான் பேரீச்சையை வாயில் வைக்கும் வரை அவன் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நேவார்க்கில் அவன் வளர்ந்த தெருவில் பாதிப் பேர் நோன்பு வைப்பார்களாம், அந்தப் பழக்கம். இப்படி ஒருவன் இந்த லீக்கில் வேறு யாரும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏசி இருபத்து நான்கு மணி நேரமும் ஓடி எனக்குச் சளி பிடித்திருக்கிறது. இஞ்சி தட்டிப் போட்டு டீ குடிக்கிறேன். நீ அவனுக்கு நல்ல அறிக்கை எழுது.

உன் பொய்யன் தம்பி,
ஃபைஸ்


சான் ஹோசே
மார்ச் 8

ஃபைஸ்,

ஐஸ் பையை எங்கே வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்கிறான்?

எழுதும்போது கை தானாகப் போய்விட்டது, இல்லையா? இரண்டாம் பாதியில் ஆடாதவன் எந்தக் களைப்புக்கு ஐஸ் கட்டுகிறான்? பெஞ்சில் கால் மேல் துண்டு, பார்க்கிங்கில் ஐஸ். மறைப்பதென்றால் முழுசாக மறைக்கக் கற்றுக்கொள்.

வெள்ளிக்கிழமை ஷ்ரேயா என்னை சான்டா கிளாராவில் ஒரு டிபன் கடைக்கு இழுத்துப்போனாள். நெய் ரோஸ்ட் வந்து, பாதி தின்ற பிறகு, "ஐயோ ஹஃப்சா, நீங்க ஃபாஸ்டிங் இல்ல? ஸோ சாரி! வாசனை ஓகேவா?" என்றாள். குபெர்டினோவில் பிறந்து, அப்பா வாங்கிக் கொடுத்த வீட்டிலிருந்து வேலைக்கு வருகிறவள். சாம்பாரைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்: "உங்க பிரதர் ரொம்ப ஸ்மார்ட். நெக்ஸ்ட் சீசன் இங்க வீடியோ ரூம்ல ஒரு ஸ்பாட் ஓபன் ஆகுது. ஆம்ப்ரோஸ் ரிப்போர்ட் நீட்டா வந்துட்டா எல்லாருக்கும் நல்லது."

"நீட்டான்னா?" என்று கேட்டேன்.

"நீட்டான்னா நீட். உங்களுக்குப் புரியும்."

புரிந்தது. இதை நீ எனக்குச் சொல்லவே இல்லை. முதலாளி கேட்டதைக் கொடுத்தேன் என்றாய். முதலாளி என்ன கொடுப்பதாகச் சொன்னாள் என்பதை விட்டுவிட்டாய். இங்கே இருக்கிற நாற்காலிக்காகத்தான் அவன் காலை வெட்டியெறிந்தாயா?

ஒன்று சொல்கிறேன். இவர்கள் பத்து நாள் ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கிறார்கள். பத்து நாள் முடிந்தால் இன்னொரு பத்து நாள். பிடிக்கவில்லையா, லாக்கரில் பெயர் எழுதின டேப்பைக் கிழித்தால் முடிந்தது. வேலை போனால் அறுபது நாளில் நாட்டை விட்டுப் போ என்கிற விசாவில் இருந்துகொண்டு, பத்து நாள் ஆளை எடைபோட்டுக் கொடுக்கிறோம் நீயும் நானும். இந்த வேலையில் நமக்கென்று மிச்சமிருப்பது உள்ளதை உள்ளபடி எழுதுவது மட்டும்தான். அதையும் விற்றுவிட்டால் நாம் யார்?

அறிக்கையை இன்னும் கொடுக்கவில்லை. என்ன தெரியும் உனக்கு? முழுசாக எழுது.

ஹஃப்சா


இர்விங்
மார்ச் 12

அக்கா,

சரி. எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

வலது முழங்கால். குருத்தெலும்பு ஒன்றும் மிச்சமில்லை. பத்து நிமிடம் வரை தாங்குகிறது, பிறகு வீங்குகிறது. இங்கே கோச்சுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஒரு ஆளை மேல் அணிக்கு எடுப்பதற்கு முன்னால் கீழே இருக்கிற ஒருவர் அவனிடம் உட்கார்ந்து பேசி, "நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டு எழுதி அனுப்ப வேண்டும், உனக்குத் தெரியும். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பார்க்கிங்கில் வைத்துத்தான் கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை. ஐஸ் பையைத் தூக்கி முட்டியைக் காட்டினான். "எலும்பும் எலும்பும் உரசுது. உங்க ஆட்கள்கிட்ட சொல்லிடு. எழுதிக்கோ" என்றான்.

நான் எழுதிக்கொள்ளவில்லை. எழுதவில்லை என்று அவனிடம் சொல்லவும் இல்லை.

ஏன் என்று கேள். லீக்கில் மூன்று சீசன் கணக்கில் ஏறினால் ஆயுள் முழுக்க மருத்துவக் காப்பீடு. அவனுக்கு இரண்டு ஏறியிருக்கிறது. இந்த சீசன் முடியும் வரை உங்கள் அணியில் பெயர் இருந்தால் மூன்றாவதும் ஏறிவிடும். பிறகு அந்த முட்டியை லீக் செலவிலேயே மாற்றிக்கொள்ளலாம். முட்டியைச் சரிசெய்யக் காப்பீடு வேண்டும். காப்பீடு வேண்டுமென்றால் அதே முட்டியில் ஆட வேண்டும். இந்த விதியை எழுதினவன் யாரோ, அவனைக் கோர்ட்டில் நிறுத்திக் கேள். என்னைக் கேட்காதே. முட்டியைப் பற்றி ஒரு வரி நான் எழுதியிருந்தால் பலகையிலிருந்து அவன் பெயர் அன்றைக்கே அழிந்திருக்கும். அவனுக்கு முப்பத்து மூன்று வயது. இன்னொரு பலகை கிடையாது.

ஷ்ரேயா வேலை தருவதாகச் சொன்னது உண்மை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதை எழுதும்போதே நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரி.

நானும் கேட்கிறேன். அவன் குதிக்கும் உயரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஜெர்சிக்குள் வைத்த சென்சார் ஜனவரியிலேயே உனக்குச் சொல்லியிருக்கும். அப்போது ஏன் வாயைத் திறக்கவில்லை? உன் கிரீன் கார்டு ஷ்ரேயாவின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்பதாலா? என் ஜெர்சியை முகர்ந்து பார்த்ததெல்லாம் போதும். உன் ஜெர்சியையும் காட்டு.

அவனைப் போக விடு, அக்கா. அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஃபைஸ்


சான் ஹோசே
மார்ச் 22

அன்புள்ள ஃபைஸ்,

பெருநாள் வாழ்த்து, பிந்தித்தான். எடிசனிலிருந்து சாலிஹா மாமி வீடியோவில் வட்டலப்பம் காட்டினார்கள். எனக்கு ஆபீஸ் மைக்ரோவேவில் சூடாக்கின பிரியாணி.

உன் ஆளை எடுத்துவிட்டார்கள். உனக்குத் தெரிந்திருக்கும். எப்படி எடுத்தார்கள் என்பது தெரியாது, கேள்.

அறிக்கையில் முட்டியைப் பற்றி நான் எழுதவில்லை. நீ கேட்டாய் என்பதற்காக எழுதவில்லை. "ஆட்டத்தின் பிற்பகுதியில் இவரைப் பார்க்க வாய்ப்பில்லை, முழு மருத்துவப் பரிசோதனை தேவை" என்று ஒரே ஒரு வரி போட்டேன். ஒரு கோழையும் ஒரு நேர்மையானவளும் சேர்ந்து எழுதின வரி. கூட்டத்தில் ஷ்ரேயா அதைத் திரையில் நிறுத்தி எல்லார் முன்னாலும் கேட்டாள்: "இது என்ன ஹஃப்சா? உங்க பிரதரே நேர்ல பேசி 'நத்திங் டு ரிப்போர்ட்'னு அனுப்பியிருக்காரே? குடும்பத்துக்குள்ளயே ஒரே கதையைச் சொல்லக் கூடாதா?" எல்லாரும் சிரித்தார்கள். அவள் அந்த வரியை அழித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் பார்த்தார். படுக்க வைத்து, காலை மடக்கி நீட்டி, எழுந்துபோகச் சொன்னார். ஸ்கேன் எடுக்கவில்லை. பத்து நாள் ஆளுக்கு ஸ்கேன் எடுப்பதில்லையாம். கழுத்தில் பேட்ஜோடு உள்ளே வருகிற ஒவ்வொரு நாயையும் ஸ்கேன் பண்ணுகிற கட்டிடம் இது.

ஆம்ப்ரோஸ் நன்றாக ஆடினான், அதையும் சொல்ல வேண்டும். முதல் ஆட்டத்தில் இரண்டாம் குவார்ட்டரில் இறங்கி, எங்களை மூன்று மாதமாக மிதித்துக்கொண்டிருந்த ஒரு எதிரணி சென்டரை நகரவிடாமல் நிறுத்தினான். அரங்கம் எழுந்து நின்றது. மறுநாள் காரிடாரில் என்னைப் பிடித்துக்கொண்டான். என் பேட்ஜில் பெயரைப் படித்துவிட்டு, "ஃபைஸோட அக்காவா? உன்னைப் பத்தித்தான் அவனுக்கு ரொம்ப பயம்" என்றான். சிரித்தேன். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "என் முட்டியைப் பத்தி உன் தம்பி எழுதியிருப்பானே. டாக்டர் ஏன் அதைப் பத்தி ஒண்ணுமே கேட்கலை?"

"கேட்பார்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இப்போது இதைக் கவனமாகப் படி. அவன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். "எனக்குள்ள காயங்கள் அனைத்தையும் அணிக்குத் தெரிவித்துவிட்டேன்" என்று ஒரு பத்தி இருக்கிறது. மறைத்தது தெரியவந்தால் ஒப்பந்தம் முதல் நாளிலிருந்தே செல்லாது. அந்த சீசனும் கணக்கில் ஏறாது. அவன் அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறான். உன்னிடம் சொல்லிவிட்டதால் தைரியமாகப் போட்டிருக்கிறான். நீ அவனுக்கு உதவி செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். கால் போனால், மறைத்தவன் அவன் என்றுதான் காகிதம் சொல்லும்.

அவளுக்கு இது தெரியாது என்று நினைக்கிறாயா? ஏன் ஃப்ரெஷ்ஷாக இருக்கிற காட்சி மட்டும் கேட்டாள்? ஏன் என் வரியை அழித்தாள்? தெரியாமல் இருப்பதற்கு இவ்வளவு வேலை செய்கிறவளுக்கு எல்லாம் தெரியும்.

இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இன்றைக்கே டாக்டருக்கு எழுது. "சொன்னான், குறிக்க மறந்துவிட்டேன்" என்று எழுது. மறந்துவிட்டேன் என்பதற்கு யாரும் தூக்கில் போடமாட்டார்கள்.

அக்கா


இர்விங்
மார்ச் 27

அக்கா,

சீசன் முடிய இன்னும் இரண்டு வாரம்தான். ஒரு ஆட்டத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் அவனை இறக்குவதில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது போய் மறந்துவிட்டேன் என்று எழுதினால் அவனை நாளைக்கே அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது சீசன் போச்சு. என்னையும் அனுப்பிவிடுவார்கள். ஒன்றும் ஆகாது. விடு.

ஷ்ரேயா போன் பண்ணினாள். ஜூனில் வரச் சொல்லியிருக்கிறாள். உன் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாமா? சான் ஹோசே வாடகை என் சம்பளத்துக்குக் கட்டாது. சமையல் என் பொறுப்பு.

ஃபைஸ்


சான் ஹோசே
ஏப்ரல் 19

ஃபைஸ்,

இரண்டு வாரமாக நீ போன் எடுக்கவில்லை. நடந்ததை நீயும் டிவியில் பார்த்திருப்பாய். ஆனாலும் எழுதுகிறேன். டிவியில் காட்டாததும் இருக்கிறது.

கடைசி வாரம் நியூ ஜெர்சி பக்கம் எங்களுக்கு ஆட்டம். எங்கள் சென்டர் வழக்கம்போல ஃபவுலில் வெளியே வந்தான். ஆம்ப்ரோஸை நான்காம் குவார்ட்டரிலும் இறக்கினார்கள். பத்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. அவன் ஜெர்சி முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நான் திரையில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ரீபவுண்டுக்கு ஏறினான். யாரும் தொடவில்லை. இறங்கியபோது கால் அவனுக்குக் கீழே இல்லை.

மூன்றாம் நாள் அணி அறிக்கை விட்டது. முன்பே இருந்த காயத்தை வீரர் மறைத்துவிட்டாராம். ஒப்பந்தம் செல்லாதாம். சீசன் கணக்கில் ஏறாதாம். ஷ்ரேயா என் அறைக்கு வந்து, "ரொம்ப சேட், ஹஃப்சா. ஆனா பாருங்க, நம்ம சைடுல எல்லாம் நீட்டா இருக்கு" என்றாள்.

நீட் என்றால் என்ன என்று அன்றைக்குக் கேட்டேனே. இதுதான்.

நான் எடிசன் போய் மாமா வீட்டில் தங்கி, நேவார்க்கில் ஆம்ப்ரோஸைப் பார்த்துவிட்டு வந்தேன். தன் அக்கா வீட்டில் இருக்கிறான். மாடி வீடு, லிஃப்ட் இல்லை. ஏழடி மனிதன் குழந்தை மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்தே படியேறுகிறான். அவனுடைய அக்கா எனக்கு டீ கொடுத்தாள். என்னைப் பிடிக்காமல்தான் கொடுத்தாள், அது சரிதான். ஆம்ப்ரோஸ் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "உன் தம்பி எழுதினானா இல்லையா? அதை மட்டும் சொல்."

நான் டீ கோப்பையைக் கீழே வைத்தேன். அவனே சொன்னான்: "மறந்திருப்பான். பாவம், அன்னைக்கு நோன்பு. பசியில இருந்தான்."

உனக்காக அவனே ஒரு சாக்கு கண்டுபிடித்து வைத்திருக்கிறான், ஃபைஸ். நீ அதை எடுத்துக்கொண்டால்கூடப் போதும்.

மே ஆறாம் தேதி விசாரணை. வீரர்கள் சங்கத்து வக்கீல் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். அணிக்காகக் கேட்டபோது அவன் சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் நீ. "சொன்னான்" என்று நீ சொன்னால் அவன் மறைக்கவில்லை என்று ஆகும். ஒப்பந்தம் நிற்கும், மூன்றாவது சீசன் ஏறும், கால் பிழைக்கும். வக்கீல் உனக்கு ஐந்து முறை போன் பண்ணியிருக்கிறார்.

மார்ச் 12 கடிதத்தைக் கிழிக்கச் சொன்னாய். கிழிக்கவில்லை. என் பையில் இருக்கிறது. கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன் வேலை போகும், என் வேலை போகும், அறுபது நாளில் இரண்டு பேரும் பெட்டி கட்ட வேண்டும். அதற்குப் பயந்துதான் வக்கீலிடம் காட்டவில்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காக என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஜனவரியில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டாயே, அதற்கும் இதுதான் பதில். என் ஜெர்சியும் உலர்ந்துதான் இருக்கிறது.

ஆனால் நீ சொல்வது வேறு, உன்னைப் பிடித்துக் கொடுப்பது வேறு. நீயே சொல். நானும் பக்கத்தில் நிற்கிறேன். அந்த அழித்த வரியைப் பற்றி நான் சொல்கிறேன். போனால் சேர்ந்து போவோம்.

அக்கா,
ஹஃப்சா


சான் ஹோசே
மே 2

ஃபைஸ்,

பதில் இல்லை. மாமாவிடம் வெள்ளிக்கிழமைதோறும் பேசுகிறாயாம், சளி சரியாகிவிட்டதாம், புது வேலைக்கு ஷூ வாங்கினாயாம். ஆகவே உயிரோடு இருக்கிறாய்.

நேற்று என் அறைக்கு இரண்டு அறை தள்ளி ஒரு கதவில் உன் பெயரை ஒட்டிவிட்டுப் போனார்கள். ஜூன் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. எழுத்துப் பிழையில்லாமல், நீட்டாக ஒட்டியிருக்கிறார்கள். போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் நான் நடக்க வேண்டும். காபி எடுக்கப் போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இரக்கத்தில் செய்தாயா, நாற்காலிக்காகச் செய்தாயா என்று மார்ச் முழுக்க உன்னைச் சந்தேகப்பட்டேன். இனிமேல் கேட்கமாட்டேன். இரண்டில் எது என்பது நீ அடுத்து செய்யப் போவதில் இருக்கிறது. என் வீட்டில் தங்கலாமா என்று கேட்டிருந்தாய். சாவியை இந்தக் கடிதத்தோடு வைத்து மூடப் போனேன். பிறகு வெளியே எடுத்துவிட்டேன்.

நியாயம், நன்றி, நோன்பு என்று எதையும் இழுக்கவில்லை. ஒரு கேள்வி, ஒரு வார்த்தை பதில். தபாலுக்கு நேரமில்லை என்றால் போனில் சொல். ஷ்ரேயா ஒட்டுக்கேட்டால் கேட்கட்டும், அவளுக்குத்தான் தமிழ் புரியுமே. ஆபீஸ் போனிலேயே சொல். மாமாவிடமாவது சொல்.

பார்க்கிங்கில், ஐஸ் பையைத் தூக்கி முட்டியைக் காட்டி, ஆம்ப்ரோஸ் உன்னிடம் சொன்னானா இல்லையா? உன் வாயால் சொல்.

ஹஃப்சா